கீழாநெல்லியும் நம் கல்லீரலும்: அமுச்சி சொன்னதும் ஆய்வு சொன்னதும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. சிறுநீர் மஞ்சளாகப் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் வெண்மை மறைந்திருந்தது. அம்மாவைப் பெற்ற என் அமுச்சி வரப்பிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பும் எண்ணெயும் மூன்று வாரங்களுக்கு விலக்கப்பட்டன. நான்காவது வாரம் கண் வெளுத்தது, பசி திரும்பியது, பள்ளிக்கூடம் சென்றேன். கீழாநெல்லிதான் என்னைக் காப்பாற்றியது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மருத்துவக் கல்லூரியில் சேரும் வரையில் நானும் அவ்வாறே நம்பினேன்.

இன்று கல்லீரல், இரைப்பை, குடல் நோய்களுக்கான புறநோயாளர் பிரிவில் அமர்ந்திருக்கும்போது, நாள்தோறும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இதுவே: “டாக்டர், மாத்திரையோடு கீழாநெல்லியும் சாப்பிடலாமா?” இதற்கு ‘ஆம்’ என்றோ ‘கூடாது’ என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது, ஆனால் அது நேர்மையாகாது. எனவே இவ்விதழில் அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை கூற விரும்புகிறேன். அதற்கு முன் ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் இன்னாரென்று அறிய முடியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

மஞ்சள் மறைந்தது, நோய் மறையவில்லை

லாரி ஓட்டுநர் ஒருவர். வயது நாற்பதைக் கடந்தவர். வடநாட்டுப் பாதையில் ஒரு முறை புறப்பட்டால் வீடு திரும்ப மூன்று வாரங்கள் ஆகும். ஒரு பயணத்தின் முடிவில் மஞ்சள் காமாலையுடன் வந்தார். பக்கத்து ஊரில் மருந்து கொடுப்பவர் ஒருவரிடம் பதினைந்து நாட்கள் பச்சிலை வாங்கி உண்டார். மஞ்சள் நிறம் குறைந்தது. ‘ரத்தப் பரிசோதனை எதற்கு, குணமாகிவிட்டதே’ என்று மீண்டும் வண்டி ஏறினார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு நள்ளிரவில் ரத்த வாந்தியுடன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். வயிற்றில் நீர் கோத்திருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. எண்டோஸ்கோப்பி மூலம் ரத்தக் கசிவு நிறுத்தப்பட்டது. பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றும், அதனால் விளைந்த கல்லீரல் சுருக்க நோயும் இருப்பது தெரியவந்தது. அநேகமாகப் பிறப்பின்போதே தாயிடமிருந்து அவருக்கு அந்த வைரஸ் வந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த மஞ்சள் காமாலை, உடலில் உறங்கிக் கிடந்த வைரஸ் ஒரு முறை சீறி எழுந்ததன் அடையாளம். சீற்றம் தானாகத் தணிந்தது, மஞ்சளும் மறைந்தது. வைரஸ் மட்டும் போகவில்லை.

அவர் பச்சிலை உண்டதால் அவருக்குக் கேடு வந்தது என்று நான் கூறவில்லை. மஞ்சள் மறைந்ததும் காரணத்தைத் தேடாமல் விட்டதுதான் கேட்டை விளைவித்தது. அந்த நான்கு ஆண்டுகளில் எந்த நாளிலும் ஒரு சிறு ரத்தப் பரிசோதனை அவருடைய நோயைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

மஞ்சள் காமாலை என்பது அறிகுறி

காய்ச்சலைப் போல மஞ்சள் காமாலையும் ஓர் அறிகுறியே, அதுவே நோயன்று. பழைய ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு வெளியேற்றுகிறது. அந்த வேலை எங்கு தடைப்பட்டாலும் கண்ணும் தோலும் மஞ்சளாகும்.

தடைப்படுவதற்குக் காரணங்கள் பல. தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள், ரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் பி வைரஸ், பெரும்பாலும் ரத்தத்தால் பரவும் சி வைரஸ், மது, மருந்துகள், எலிக்காய்ச்சல், பித்த நாளத்தில் கல் அல்லது புற்றுநோய். இவற்றுள் ஹெபடைடிஸ் ஏ வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் எந்த மருந்தும் இன்றிச் சில வாரங்களில் தாமாகவே நலம் பெறுகின்றனர். எனக்கு ஒன்பது வயதில் வந்தது பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நான்காவது வாரம் என் கண் வெளுத்திருக்கும்.

ஹெபடைடிஸ் பி விஷயத்திலும் இதே போன்றதொரு மயக்கம் உண்டு. வயது வந்தவர் ஒருவருக்குப் புதிதாக இந்தத் தொற்று ஏற்பட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வைரஸைத் தாமாகவே வென்றுவிடுகின்றனர். ஆனால் பிறக்கும்போது தொற்று ஏற்பட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. ஆகவே முதல் வகையினருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் அது ‘வெற்றி’ பெறும். இரண்டாம் வகையினரை எந்தப் பச்சிலையும் குணப்படுத்தியதாக இதுவரை நிறுவப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் நிலைத்த ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர்.

சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு

‘கீழாநெல்லியை நவீன மருத்துவம் கண்டுகொள்ளவே இல்லை’ என்று சிலர் குறைகூறுவதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பெர்க்கே கீழாநெல்லி ஆய்வில் ஈடுபட்டார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞரும், பின்னாளில் அதன் துணைவேந்தராக விளங்கியவருமான எஸ்.பி. தியாகராஜனும் புளும்பெர்க்கும் மற்றும் சிலரும் சேர்ந்து 1988ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர. ஹெபடைடிஸ் பி தொற்றுடையவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுக்கப்பட்டது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது. உலகமே வியப்புடன் திரும்பிப் பார்த்தது.

ஒரு முறை கிடைத்த முடிவு மறுமுறையும் கிடைக்கிறதா என்று பார்ப்பதே அறிவியலின் வழக்கம். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் கீழாநெல்லி இனத்தைக் கொண்டு சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. தாவர இனம் வேறுபட்டிருக்கலாம், விளைந்த மண் வேறுபட்டிருக்கலாம், அளவு வேறுபட்டிருக்கலாம் என்றெல்லாம் விவாதங்கள் நடந்தன. 2011ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பு, அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து, வெற்று மருந்தைக் காட்டிலும் கீழாநெல்லி இனம் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளிக்கு நன்மை தருகிறது என்று நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு கூறியது.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் இரண்டு. கீழாநெல்லி ஏளனத்துக்குரியதன்று, உலகின் தலைசிறந்த அறிஞர்கள் அதை நம்பிக்கையோடு ஆராய்ந்தனர். அதே வேளையில், ஹெபடைடிஸ் பி நோய்க்கு அதை மட்டும் நம்பி இருப்பதற்கு இடமில்லை. இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் நாள்தோறும் ஒன்று வீதம் உண்டால் வைரஸை அடக்கிவைக்கின்றன. ஹெபடைடிஸ் சி தொற்றையோ பெரும்பாலானோருக்கு மூன்று மாத மாத்திரைகளால் முற்றிலும் நீக்கிவிடலாம். 2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைச் சிகிச்சை மையங்களில் இவ்விரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

எது உணவு, எது மருந்து?

நம் சமையலறையிலும் வயல் வரப்பிலும் உள்ள பொருள்களைப் பற்றி நோயாளிகள் கேட்கும்போது நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: “அதை உணவாக உண்கிறீர்களா, மருந்தாக உண்கிறீர்களா?” ஒரே பொருள் அளவு மாறும்போது குணம் மாறுகிறது.

மஞ்சள்: சேலம், நாமக்கல், ஈரோடு பகுதி மக்களுக்கு மஞ்சளின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. குழம்பிலும் பாலிலும் சேரும் சிட்டிகை மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் மஞ்சளின் சாரமான குர்குமினைச் செறிவாக்கி, உடல் அதை மிகுதியாக உறிஞ்சும்படி மிளகின் சாரத்தையும் சேர்த்து விற்கப்படும் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். குழம்பு வேறு, குப்பியில் வரும் சாரம் வேறு.

கரிசலாங்கண்ணி: பருப்புடன் கடைந்து கீரையாக உண்பது நல்லதே. சாக்கடை ஓரத்தில் விளைந்ததைப் பறிக்க வேண்டாம். நன்கு கழுவிச் சமைத்து உண்ணுங்கள்.

நெல்லிக்காய்: வைட்டமின் சி நிறைந்த கனி. காயாகவே மென்று உண்ணுங்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய தேன் நெல்லி கொழுப்பேறிய கல்லீரலுக்கு உகந்ததன்று.

காபி: வியப்பாக இருக்கலாம், கல்லீரலைப் பொறுத்தவரை, மூலிகைகள் பலவற்றைக் காட்டிலும் காபிக்கு ஆதரவான சான்றுகள் மிகுதி. பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளில், காபி அருந்துவோரிடம் கல்லீரல் சுருக்கமும் கல்லீரல் புற்றுநோயும் குறைவாகக் காணப்பட்டன. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் விளையும் காபியைச் சர்க்கரை இல்லாமல் நாளுக்கு இரண்டு, மூன்று கோப்பை அருந்தலாம். தூக்கம் கெடுபவர்களும் கர்ப்பிணிகளும் அளவைக் குறைக்க வேண்டும்.

கீழாநெல்லி: காரணம் கண்டறியப்பட்டு, சிகிச்சையும் தொடங்கிய பின், பதிவு பெற்ற சித்த மருத்துவரின் ஆலோசனையில் உண்பதை நான் தடுப்பதில்லை. என்னிடம் சொல்லிவிட்டு உண்ணுங்கள் என்பதே என் வேண்டுகோள். வரப்பில் பறிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தாங்குவதால் அதற்கு அப்பெயர் வந்தது. ஆயினும் அதே தோற்றத்தில் வேறு சில செடிகளும் உள்ளன. கடைச்சரக்கில் இவை கலந்து வருவதும் உண்டு. பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பில் பறிப்பது முற்றிலும் கூடாது.

‘இயற்கை’ என்றால் தீங்கற்றதா?

கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்பு வலிமைக்காகச் சீந்தில் கொடியின் சாற்றைப் பலர் மாதக்கணக்கில் குடித்தனர். அதன் விளைவாகக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். மறு ஆண்டு, நாடெங்கும் 13 மையங்களைச் சேர்ந்த 43 நோயாளிகளின் விவரங்கள் வெளிவந்தன. உண்ணத் தொடங்கிச் சராசரியாக ஒன்றரை மாதத்தில் அவர்களுக்கு அறிகுறிகள் தோன்றின. ஆயுஷ் அமைச்சகம் இம்முடிவை ஏற்காமல் மறுப்புத் தெரிவித்தது; வேறு செடியைச் சீந்தில் என்று தவறாகக் கருதியிருக்கலாம் என்றும் கூறியது. அவ்வாறே இருப்பினும், எது உண்மைச் செடி என்று அறியாத பொதுமக்கள் அதை நாள்தோறும் குடிப்பது ஆபத்து என்பதைத்தானே அதுவும் காட்டுகிறது?

அமுக்கராக் கிழங்கு, சோற்றுக்கற்றாழைச் சாறு, உடல் இளைக்க விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சாரம், கொடம்புளிச் சாரம் ஆகியவற்றாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. உண்போர் அனைவருக்கும் இது நேர்வதில்லை. ஆனால் யாருக்கு நேரும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவருக்கு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். பெயர்ச் சீட்டும் உரிம எண்ணும் இல்லாத பொடிகளில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களோ ஸ்டீராய்டு மருந்தோ கலந்திருக்கும் வாய்ப்பும் உண்டு.

ஆகவே ஆலோசனைக்கு வரும்போது நீங்கள் உண்ணும் எல்லாவற்றையும், ஆங்கில மருந்து, சித்த மருந்து, வைத்தியர் தந்த பொட்டலம், நண்பர் பரிந்துரைத்த சத்துமாவு உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு பொடி, எங்களைப் பல நாட்கள் தவறான திசையில் தேட வைக்கும்.

கோழிப்பண்ணை கற்றுத்தரும் பாடம்

நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம், “உங்கள் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, நீங்கள் மது அருந்தாதவராக இருந்தும் இது வரும்” என்று விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். “எனக்குத் தெரியும் டாக்டர். கூண்டில் அடைத்து மக்காச்சோளத் தீவனம் மிகுதியாகப் போட்டால் முட்டைக் கோழிக்கு வருமே, அதுதானே?” நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். நடமாட இடமின்றி, தேவைக்கு மேல் மாவுச்சத்து உண்ணும் முட்டைக் கோழிகளின் ஈரலில் கொழுப்பு நிறைந்து, ரத்தக் கசிவு ஏற்பட்டுத் திடீரென இறப்பதைப் பண்ணையாளர்கள் அறிவார்கள். தீவனத்தைக் குறைத்து, கோலின் என்னும் சத்தைச் சேர்ப்பார்கள்.

நாம் வாழும் முறையும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. லாரி ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். அலுவலகத்தில் இருப்பவரும் அமர்ந்திருக்கிறார். காலையில் இட்லி, நண்பகலில் சோறு, மாலையில் மரவள்ளிச் சிப்ஸும் இனிப்புத் தேநீரும், இரவில் பரோட்டா. எரிக்கப்படாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது அழற்சியாகி, தழும்பாகி, சிலருக்குக் கல்லீரல் சுருக்கத்தில் முடிகிறது. இந்நோயின் பரவலைக் கருதியே 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு இதையும் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

‘கொழுப்பு இருக்கிறது, முட்டையை நிறுத்திவிட்டேன்’ என்று பலர் கூறுகின்றனர். முட்டை நகரத்தில் இருந்துகொண்டு இவ்வாறு அஞ்சத் தேவையில்லை. கோழித் தீவனத்தில் சேர்க்கும் அதே கோலின், ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் உள்ளது. கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியேற்ற அச்சத்து வேண்டும். நாளுக்கு ஒரு வேகவைத்த முட்டை பெரும்பாலானோருக்கு ஏற்றதே. குறைக்க வேண்டியவை சர்க்கரை, இனிப்புக் குளிர்பானம், மைதா, பொரித்த தின்பண்டம், பெருமளவு சோறு ஆகியவை.

பண்ணையாளர்கள் நன்கறிந்த மற்றொரு செய்தி பூஞ்சை நஞ்சு. மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் உண்டாகும் என்பதால் தீவனத்தைப் பரிசோதனைக்கு அனுப்புகின்றனர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே அதற்கான ஆய்வகம் உள்ளது. 1974ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் கல்லீரல் பாதிப்புக்கு ஆளாகி, அவர்களுள் 106 பேர் உயிரிழந்தனர். நாட்பட்ட அளவில் இந்நஞ்சு கல்லீரல் புற்றுநோயையும் விளைவிக்கும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஆபத்து பன்மடங்கு. கோழிக்குப் போடும் தானியத்தைச் சோதிக்கும் நாம், வீட்டில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையை ‘வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும்’ என்று உண்ணலாமா? வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றிலும் அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

அன்றாடம் கைக்கொள்ள வேண்டியவை

1. எடை: கொழுப்பேறிய கல்லீரலுக்கு இன்றுள்ள சிறந்த மருந்து எடைக் குறைப்பே. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்புக் குறையும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணியும். அதற்கு மேல் குறைந்தால் தழும்பும் பின்வாங்கக்கூடும். 80 கிலோ எடையுள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைப்பதை இலக்காகக் கொள்ளலாம். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்க முயலாதீர்கள். அது கல்லீரலுக்குக் கேடு. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இடுப்பளவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும்.

3. நடை: வாரத்துக்கு 150 நிமிடங்கள் விரைந்து நடக்க வேண்டும். மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தாலும் சரி, வயலில் நடந்தாலும் சரி. ஓட்டுநர்கள் சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் வண்டியிலேயே படுத்திராமல் அரை மணி நேரம் நடக்கலாம்.

4. தட்டு: பாதித் தட்டில் காயும் கீரையும், கால் தட்டில் பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், எஞ்சிய கால் தட்டில் சோறு. கொல்லிமலைச் சாமையும் தினையும் ராகியும் நல்லவை. ஆனால் சிறுதானியமாயினும் அளவு மீறினால் அதுவும் மாவுச்சத்தே.

5. மது: கல்லீரலுக்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்று இல்லை. பியரும் ஒயினும் விதிவிலக்கல்ல. ‘குடித்த மறுநாள் கீழாநெல்லி குடித்தால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் பலரைக் கெடுத்திருக்கிறது. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர்கள் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். மருத்துவ உதவியுடன் நிறுத்துங்கள்.

6. நீரும் கையும்: காய்ச்சி ஆறவைத்த நீரைப் பருகுங்கள். மஞ்சள் காமாலைக்கு நல்லது என்று சாலையோரத்தில் ஐஸ் சேர்த்த கரும்புச்சாறு குடிப்பது, நோயைத் தேடிச் செல்வதாகும்.

7. மாத்திரை: பாராசிட்டமால் அளவோடு உண்டால் பாதுகாப்பானது. பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் உண்ணக் கூடாது. மது அருந்துவோரும் கல்லீரல் நோயுள்ளோரும் 2 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். காசநோய் மாத்திரை உண்பவர்களுக்குக் கண் மஞ்சளானாலோ விடாத குமட்டல் இருந்தாலோ அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

8. ஊசியும் சவரக்கத்தியும்: பயன்படுத்திய பிளேடு, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றின் மூலம் பி, சி வைரஸ்கள் பரவும். முடிதிருத்தகத்தில் புதிய பிளேடு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

9. பத்தியம்: மஞ்சள் காமாலையின்போது உப்பும் எண்ணெயும் அறவே இல்லாத கஞ்சியை வாரக்கணக்கில் உண்பதால் உடல் மெலியுமே அன்றிக் கல்லீரல் தேறாது. குமட்டல் அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளையாக உண்ணுங்கள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டும் உப்புக் குறைப்புத் தேவை. அப்போதும் பருப்பு, முட்டை போன்ற புரத உணவை நிறுத்தக் கூடாது.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் பச்சிலைக்கோ பத்தியத்துக்கோ காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

• மஞ்சள் காமாலையுடன் குழப்பமான பேச்சு, பகலில் மிகுந்த தூக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம்.
• ரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கறுப்பு மலம்.
• வயிறு வீங்குதல், கால் வீங்குதல்.
• குளிர்காய்ச்சலும் வயிற்று வலியும் மஞ்சளும் சேர்ந்து வருதல்.
• வெளிர்நிற மலம், உடல் அரிப்பு, எடை குறைதல். இவை பித்த நாள அடைப்பைக் குறிக்கலாம்.
• கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஈ அவர்களின் உயிருக்கு ஆபத்தானது.
• எலி மருந்துப் பசை உட்கொண்ட எவரும். முதல் இரண்டு, மூன்று நாட்கள் நலமாக இருப்பதுபோல் தோன்றும். பின்னரே கல்லீரல் செயலிழக்கும். அன்றே அழைத்து வாருங்கள். பழி சொல்லாமல் அழைத்து வாருங்கள்.

அந்தக் குடும்பத்துக்குப் பிறகு என்ன நேர்ந்தது?

ஓட்டுநரின் நோய் உறுதியானதும் குடும்பத்தார் அனைவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னோம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று இல்லை, தடுப்பூசி போட்டோம். அவருடைய தங்கைக்குத் தொற்று இருந்தது. அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

“என் குழந்தைக்கும் வந்துவிடுமா டாக்டர்?” என்று அழுதார். தடுக்க முடியும் என்று கூறினேன். ரத்தத்தில் வைரஸின் அளவு மிகுந்திருந்ததால் கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை தந்தோம். மருத்துவமனையில் குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்பட்டன. பின்னர் 6, 10, 14 வாரங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி. அந்த ஊசியில் ஹெபடைடிஸ் பி தடுப்பும் அடங்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது அறிமுகமாயிற்று. ஓராண்டு நிறைந்த பின் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்தோம். தொற்று இல்லை. பாட்டியிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வந்த வைரஸ் அந்தக் குழந்தையிடம் வரவில்லை.

ஓட்டுநர் இப்போது நாளுக்கு ஒரு மாத்திரை உண்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வருகிறார். நெடுந்தூரப் பயணத்தை விட்டு உள்ளூரில் வண்டி ஓட்டுகிறார். மதுவைத் தொடுவதில்லை. அண்மையில் வந்தபோது, “அன்றைக்கே ஒரு பரிசோதனை செய்திருந்தால் போதுமா?” என்று கேட்டார். போதும் என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “எங்கள் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்கிறேன்” என்று கூறிச் சென்றார். அடுத்த வாரமே மூன்று ஓட்டுநர்கள் பரிசோதனைக்கு வந்தனர்.

உங்களிடமும் அதையே வேண்டுகிறேன். வாழ்நாளில் ஒரு முறையேனும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீரிழிவு, உடற்பருமன், மதுப் பழக்கம் உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். முன்பு எப்போதாவது மஞ்சள் காமாலை வந்து, மருந்தாலோ மந்திரத்தாலோ தானாகவோ மறைந்திருந்தால், அதற்குக் காரணம் என்னவென்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

என் அமுச்சி விடியற்காலையில் ஈர வரப்பில் நடந்து கீழாநெல்லி தேடியது பேரன்மீது கொண்ட அக்கறையால். அவர் காலத்தில் அவரிடம் இருந்த வழி அது ஒன்றே. நம்மிடம் இன்று வேறு வழிகளும் இருக்கின்றன. கீழாநெல்லி கொடுக்க விரும்பும் குடும்பத்தார் கொடுக்கலாம்; அதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வந்துவிடுங்கள்.